நான்காம் வகுப்புப் பாடத்தில் ஒரு போர் வண்டி

பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நான்காம் வகுப்பு, சமூக அறிவியல். ‘கிராம மக்கள் செய்யும் தொழில்கள் நான்கினை எழுதுக’ என்று ஒரு கேள்வி. உழவு, நெசவு, மண்பாண்டம் செய்தல், கால்நடை வளர்ப்பு என்று புத்தகத்தில் இருந்ததை எல்லாப் பிள்ளைகளும் அப்படியே எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள்.

‘எங்கப்பா போர் வண்டியில் டிரில்லர். எங்கம்மா கோழிப் பண்ணையில் முட்டை எடுக்கும். எங்க மாமா டேங்கர் லாரி. எங்க பெரியப்பா கரும்பு, கோரை.’

பெரியப்பாவுக்கு மட்டும் அரை மதிப்பெண் போட்டேன். மற்ற மூன்று பேரையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். யோசிக்கவே இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். அப்பா ஒரு பருப்பு மண்டியில் வேலை பார்த்தார். மூட்டை வண்டிகளும் டவுன் பஸ்களும் ஆட்டோக்களும் முட்டிக்கொள்ளும் சந்துக்குள் எங்கள் வீடு. கிராமம் எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில்தான். இரண்டு மலைக்கு நடுவில் சூரியன், ஓலைக் குடிசை, ஆலமரம், மாட்டு வண்டி, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். வரையச் சொன்னால் பரீட்சையில் அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். முழு மதிப்பெண் கிடைக்கும்.

கல்யாணமாகி மோகனூருக்கு வந்தேன். பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. அந்தப் பள்ளிக்குப் போகும் வழியில் நாமக்கல் சாலை ஓரமெல்லாம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். வெல்டிங் பொறி பறக்கும். ஊருக்குள் திரும்பினால் நீள நீளமாகக் கோழிப் பண்ணைகள். பொங்கலுக்கு முந்தின வாரம் வடக்கே ஆழ்துளைக் கிணறு தோண்டிவிட்டுத் திரும்பும் போர் வண்டிகள், பைப்புகளைச் சுமந்துகொண்டு வரிசையாக நிற்கும். பதினோரு வருடம் இவற்றையெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போய், கரும்பலகையில் ‘கிராம மக்களின் தொழில்கள்: உழவு, நெசவு, மண்பாண்டம்’ என்று எழுதிப் போட்டிருக்கிறேன். இதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அப்போது கூசவில்லை.

விடைத்தாள் கொடுத்த மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கு வந்தார். பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தார். சேலைக்கு மேல் முழுக்கை வைத்த ஆண்கள் சட்டை, தலையில் கட்டிய துண்டு. கையில் மகளின் விடைத்தாள்.

“ஏனுங்க டீச்சர், சித்த நேரம் பேசலாமுங்களா?”

“வாங்க. சொல்லுங்க.”

“சண்டைக்கு வல்லீங்க. பாப்பா எழுதுனதுல தப்புன்னு போட்டிருக்கறீங்க. எது தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கலாம்னுதான் வந்தனுங்க.”

“தப்புன்னு இல்லைங்க. புத்தகத்துல இருக்கறதை எழுதணும். பரீட்சைன்னா அப்படித்தான்.”

“அந்தப் புஸ்தகத்தைக் காட்டுங்க பாக்கலாம்.”

எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். குடிசையை ஒரு விரலால் தொட்டார்.

“இது எந்தூருங்க?”

“எந்த ஊரும் இல்லைங்க. பொதுவா ஒரு கிராமம்.”

“நம்மூர்ல இப்புடி ஒரு ஊடு இருந்தாக் காட்டுங்க டீச்சர். எங்கூடு மச்சு ஊடு. அவரு ஏழு வருசம் வடக்க கெடந்து, வெயில்ல வெந்து கட்டுனது. பானை செய்யறவங்களும் நம்மூர்ல ஆருமில்லீங்க. நானும் கண்டதில்லை. இல்லாதது சரி, இருக்கறது தப்புங்களா?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தார்.

“மார்க்கு போனாப் போகுதுங்க. அது பெருசில்லை. அவங்கப்பா பாக்கற வேலைய அது கண்ணு முன்னால அடிச்சுட்டீங்க. இன்னிக்கி அவரு போன் போட்டாருன்னா பாப்பா என்ன நெனச்சுக்கிட்டுப் பேசும்?”

நான் விடைத்தாளை வாங்கினேன். மூன்று கோடுகளையும் அடித்துத் திருத்தி, பக்கத்தில் மதிப்பெண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“ஒருக்கா பண்ணைக்கு வாங்க டீச்சர். புள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. நான் மொதலாளிகிட்டச் சொல்லி வெக்கறேன்.”

அடுத்த வாரம் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, வகுப்பையே அழைத்துக்கொண்டு போனேன். பள்ளியிலிருந்து நடக்கிற தூரம்தான். வாசலில் ஒரு சிறிய தொட்டியில் மருந்துத் தண்ணீர். எல்லோரும் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்றார் அந்த அம்மா. வெளியிலிருந்து ஒரு நோய் கோழிகளுக்கு வந்துவிட்டால் மொத்தப் பண்ணையும் போய்விடுமாம். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காலை முக்கினார்கள். நானும் முக்கினேன்.

உள்ளே ஆயிரக்கணக்கான வெள்ளைக் கோழிகள். கூண்டுகள் அடுக்கடுக்காக, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை. முட்டைகள் உருண்டு வந்து கூண்டின் முன்னால் வரிசையாக நின்றன. அந்த அம்மா இரண்டு கையாலும் எடுத்தார். ஒரு கைக்கு மூன்று மூன்று முட்டை. பேசிக்கொண்டே எடுத்தார், கீழே பார்க்காமலே அட்டையில் அடுக்கினார். ஒன்றுகூட இடிக்கவில்லை. ஒரு அட்டைக்கு முப்பது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு அட்டை நிறைந்துவிட்டது.

“இந்தக் கோழியப் பாருங்க சாமி,” என்று ஒரு கூண்டைக் காட்டினார். “கொண்டை வெளுத்துச் சுருங்கிப்போச்சு. இது முட்டை போடறதை நிறுத்திருச்சு. பக்கத்துல இருக்கறது பாருங்க, செவச்செவன்னு இருக்குது. இது நாளைக்கும் போடும்.”

“அத்தை, முட்டை ஓடு எப்புடி வருது?” என்று ஒருவன் கேட்டான்.

“தீனியில கிளிஞ்சல் கலக்கறோம் கண்ணு. மக்காச்சோளம், புண்ணாக்கு, கிளிஞ்சல். கிளிஞ்சல் கொறஞ்சா ஓடு தோலாட்டம் ஆயிரும். தொட்டாலே தெரியும்.”

ஆசிரியர் பயிற்சியில் நான் படித்த எந்த அறிவியல் பாடமும் இதைச் சொன்னதில்லை. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அவருடைய மகள் தள்ளுவண்டியின் பக்கத்தில் நின்று, ‘எங்கம்மா’ என்று யாரிடமும் சொல்லாமல், ஆனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி நின்றாள். விடைத்தாள் வாங்கிய நாளில் அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. அன்றைக்குக் கவனித்தேன்.

பள்ளிக்குத் திரும்பியதும், ‘எங்க ஊர்’ என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். புத்தகத்தைப் பார்க்கக்கூடாது, வீட்டில் கேட்கலாம். பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்ததைப் படிக்க எனக்கு இரண்டு நாளாயிற்று. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று நான் நிலப்படத்தில் காட்டிக் காட்டி மனப்பாடம் செய்யச் சொன்ன பெயர்களெல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சில் ஏற்கனவே இருந்தன. ஒரு பையன் எழுதியிருந்தான்: ‘எங்கண்ணன் இந்தி பேசும். தெலுங்கு பேசும். கொஞ்சம் கன்னடம். பத்தாவது ஃபெயில்.’

போர் வண்டி என்பது என்ன செய்யும் என்று ஊர் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள் என்று கேட்டேன். யாருக்கும் சரியாக எழுத வரவில்லை. அந்தப் பெண்தான் சொன்னாள், “எங்கப்பாகிட்டயே கேக்கலாம் டீச்சர். வீடியோவுல காட்டுவாரு.”

அவள் அம்மாவிடம் எண் வாங்கி, அடுத்த நாள் காலை என் செல்போனில் அழைத்தேன். போனைப் பெரிய புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்தோம். பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக்கொண்டார்கள். திரையில் முதலில் வெறும் வெளிச்சம். பிறகு தலையில் துண்டு கட்டிய, முகமெல்லாம் சாம்பல் நிறத் தூசி அப்பிய ஒருவர் தெரிந்தார்.

“டீச்சருங்களா? வணக்கமுங்க. சத்தம் கேக்குதுங்களா? கம்ப்ரசர் ஓடுது.”

பின்னால் வண்டியின் கோபுரம் நிமிர்ந்து நின்றது. பைப்பு சுழன்றுகொண்டே தரைக்குள் இறங்கியது. ஓட்டையிலிருந்து புகைபோல் தூசி கிளம்பியது. அவர் குனிந்து அந்தத் தூசியை உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார்.

“முதல்ல செவப்பு மண்ணு வந்துச்சுங்க. இப்ப கருங்கல்லு. இந்தத் தூளு ஈரமாயிருச்சுன்னா தண்ணி கிட்டத்துல இருக்குதுன்னு அர்த்தம். கண்ணுல பாக்கறதுக்கு முன்னால காதுல கேக்கும். கல்லுல ஓடறப்ப ஒரு சத்தம், வெடிப்புல எறங்குனா வேற சத்தம்.”

“எப்பங்கப்பா தண்ணி வரும்?” என்று மகள் கத்தினாள்.

“தெரியலயே சாமி. வந்தாத்தான் வந்துச்சு.”

அன்றைக்கு வரவில்லை. மறுநாள் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது அவரே அழைத்தார். முகத்தைக் காட்டாமல் போனை வண்டிப் பக்கம் திருப்பினார். தூசி நின்றிருந்தது. ஓட்டையைச் சுற்றிச் சேறு கொப்புளித்தது. பைப்பு ஒரு உலுக்கு உலுக்கியது. அவ்வளவுதான், கலங்கல் தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டு எழுந்தது. அந்த ஊர்ப் பெண்கள் ஓடிவந்து மஞ்சளையும் பூவையும் தண்ணீரில் வீசினார்கள். ஒரு பெரியவர் நனைந்தபடியே நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். வண்டியை நோக்கிக் கும்பிட்டாரா, நம் ஆளை நோக்கியா என்று தெரியவில்லை.

“தண்ணி வந்துருச்சுங்க! டீச்சர், தண்ணி வந்துருச்சுங்க!” என்று போனில் குரல் கேட்டது.

பிள்ளைகள் தட்டை விட்டுவிட்டு எழுந்து குதித்தார்கள். சத்துணவு சமைக்கும் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கோ ஆயிரம் மைல் தள்ளி, பேர் தெரியாத ஒரு ஊர் முதல்முறையாகத் தன் தண்ணீரைப் பார்க்கிறது. அதைத் தோண்டியவர் என் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் அப்பா. அந்த வேலையைத்தான் நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

அடுத்த ஆண்டு புதிய பாடப்புத்தகம் எழுதுவதற்கு மாவட்டங்களிலிருந்து ஆசிரியர்களைச் சென்னைக்கு அழைத்தார்கள். எங்கள் தலைமையாசிரியை என் பெயரைக் கொடுத்தார். “நீங்க வாய மூடிட்டு இருக்க மாட்டீங்க. அதுக்குத்தான் அனுப்பறேன்,” என்றார். பிள்ளைகள் எழுதிய தாள்களையெல்லாம் ஒரு கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

குழுவுக்குத் தலைவர் ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர். மெதுவாகப் பேசும் நல்ல மனிதர். ‘நமது கிராமம்’ பாடத்துக்கு நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா இது தொழிற்சாலைப் பாடத்துல வர வேண்டிய விஷயம். கிராமம்னா குழந்தை மனசுல ஒரு பசுமை, ஒரு அமைதி வரணும் இல்லையா?”

“சார், எங்க ஊர்ல பசுமையும் இருக்கு. காவிரிக் கரை, கரும்பு, வாழை எல்லாம் இருக்கு. அதோட சேர்ந்து இதுவும் இருக்கு. ஒரே வீட்டுல அண்ணன் கரும்பு வெட்டறார், தம்பி போர் போடறார். ஒருத்தரைப் படத்துல வச்சுட்டு இன்னொருத்தரை வெளிய நிறுத்த முடியுமா?”

அவர் பதில் சொல்லுமுன் எதிரில் இருந்த தஞ்சாவூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சிரித்தார்.

“அந்தக் குடிசைப் படத்தப் பாத்தா எல்லாரும் அது எங்க ஊருன்னுதான் நெனைக்கிறாங்க. எங்க ஊரும் அப்படி இல்ல சார். நெல்லு அறுக்கறது மெஷின்தான். அந்த மெஷினும் இந்த டீச்சர் ஊருப் பக்கத்துலேருந்துதான் வருது.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தைரியம் வந்தது. மதியச் சாப்பாட்டில் எல்லோர் இலையிலும் ஒரு அவித்த முட்டை இருந்ததைப் பார்த்திருந்தேன். “பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க தட்டுக்கு வர முட்டை பெரும்பாலும் எங்க பக்கத்துலேருந்து வருது சார். தினமும் சாப்பிடற பொருளப் பத்திப் புத்தகத்துல ஒரு வரி இல்ல. எங்க புத்தகத்துல இருக்கற கோழி இன்னும் குப்பையைத்தான் கிளறிட்டு இருக்கு,” என்றேன்.

பேராசிரியர் கண்ணாடியை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். “சரி, படத்தோட பாக்கலாம்,” என்றார்.

படம் வரைய ஒரு இளைஞரை நியமித்திருந்தார்கள். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். கணினியில் அற்புதமாக வரைவார். பாடத்தில் வரவேண்டிய படங்களை ஒரு தாளில் பட்டியலாக எழுதிக் கொடுத்தேன். முட்டை அட்டையோடு ஒரு பெண். லாரிப் பட்டறை. ஆற்றங்கரைக் கரும்புக் காடு. போர் வண்டியும் அதைப் பார்த்துக் கையசைக்கும் ஒரு சிறுமியும்.

மறுநாள் காலை அவர் ஆசையாகத் திரையில் போட்டுக் காட்டினார். கரும்பு நன்றாக வந்திருந்தது. லாரி நன்றாக இருந்தது. நான்காவது படம் வந்தது. தென்னை மரத்தடியில் ஒரு ராணுவ டாங்கி நின்றது. பீரங்கிக் குழாய் வானத்தைப் பார்த்திருந்தது. பாவாடை கட்டிய சிறுமி அதைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள்.

“மேடம், போர் வண்டின்னுதானே எழுதியிருந்தீங்க?” என்றார் அவர் பாவமாக. “சிறுமி அப்பா மிலிட்டரின்னு நெனச்சேன்.”

தஞ்சாவூர்க்காரர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பேராசிரியருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு ஒரு எண்ணம் வந்தது. இந்த இளைஞர் நன்றாகப் படித்தவர். பன்னிரண்டு வருடம் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களைத்தான் படித்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பார்க்கிற வேலை அவர் காதில் ஒருமுறைகூட விழாமலே போயிருக்கிறது. அவர்மேல் என்ன தப்பு?

சத்துணவு நேரத்தில் வந்த அந்த அழைப்பை உடன் ஆசிரியை ஒருவர் தன் போனில் பதிவு செய்து வைத்திருந்தார். அதை என் போனிலிருந்து எல்லோருக்கும் காட்டினேன். தூசி, சேறு, பைப்பின் உலுக்கல், பிறகு தண்ணீர். ‘தண்ணி வந்துருச்சுங்க!’ என்ற குரல். எங்கள் பிள்ளைகளின் கூச்சல். வீடியோ முடிந்தது. பேராசிரியர், “இன்னொரு தடவை போடுங்கம்மா,” என்றார்.

இளைஞர் அன்றைக்கே புதிதாக வரைய உட்கார்ந்தார். கோபுரம் எவ்வளவு உயரம், பைப்பு எந்தப் பக்கம் அடுக்குவார்கள், தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டுக் கேட்டு வரைந்தார். பண்ணைப் பெண்ணை முதலில் அவர் தலைநிறையப் பூவோடும் சரிகைச் சேலையோடும் வரைந்திருந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையும் தலையில் துண்டும் வேண்டும் என்று பிடிவாதமாக மாற்ற வைத்தேன்.

கடைசியாக மொழியில் ஒரு தகராறு. குழுவில் இருந்த ஒரு மூத்த ஆசிரியை, “இந்த ‘ங்க’ எல்லாம் வேண்டாமே. பிள்ளைகள் பரீட்சையில் அப்படியே எழுதிவிடுவார்கள். ‘தண்ணீர் வந்துவிட்டது’ என்று போட்டால் போதும்,” என்றார்.

“கதை சொல்ற இடமெல்லாம் நீங்க சொல்ற தமிழ்லயே இருக்கட்டும் மேடம்,” என்றேன். “ஆள் பேசற இடத்துல மட்டும் ஆள் பேசட்டும். எங்க பக்கத்துல அஞ்சு வயசுப் பிள்ளைகிட்டக்கூட ‘வாங்க சாமி’ன்னுதான் பேசுவாங்க. மரியாதை எங்க பேச்சோட ஒட்டிக்கிட்டு வரது. அந்த ‘ங்க’வை எடுத்துட்டா பேசறது எங்க ஆளே இல்ல.”

கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. கடைசியில் ஒரே ஒரு வரியை விட்டுக்கொடுத்தார்கள். எந்த வரி என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஜவ்வரிசி ஆலையைப் பற்றி நான் எழுதியிருந்த பத்தி இடமில்லை என்று போய்விட்டது. லாரிப் பட்டறை இரண்டு வரியாகச் சுருங்கியது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஒரு இடத்தில் தப்பித்தது. எல்லாம் சேர்த்து மூன்று பக்கம். ஊருக்குத் திரும்பும் ரயிலில் அந்த மூன்று பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

புத்தகம் அச்சாகி வருவதற்குள் அந்தப் பெண் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். முதல் பிரதி கைக்கு வந்த அன்று மாலை, நானே அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் அம்மா அப்போதுதான் பண்ணையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். பக்கத்தை விரித்துக் காட்டினேன். பெருமைப்படுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் படத்தைப் பார்த்தார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ டீச்சர்! சட்டையோடயா போட்டுட்டாங்க?”

“நான்தாங்க அப்படிப் போடச் சொன்னேன். உள்ளது உள்ளபடி இருக்கட்டும்னு.”

“ஊரு ஒலகமெல்லாம் பாக்கற புஸ்தகமுங்க. நல்ல சீல ஒண்ணு கட்டிவுட்டிருக்கலாமுல்லீங்க? அது வேலைக்குப் போடற பழைய சட்டைங்க.”

எனக்குச் சுருக்கென்றது. குடிசை வரைந்தவர்கள் இவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லையே. உண்மையாகக் காட்டவேண்டும் என்ற என் ஆசையில், எப்படித் தெரிய விரும்புகிறார் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“அட, அதுக்கென்னங்க,” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தண்ணீர் பீய்ச்சி எழும் படம். அதன் கீழே பெரிய எழுத்தில் அந்த வரி. விரலை வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார். “தண்ணி… வந்துருச்சுங்க.” இன்னொரு முறை படித்தார். பிறகு புத்தகத்தை மூடாமலே உள்ளே போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வடக்கே இருக்கும் கணவருக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. அவர் பேசவே இல்லை. அதில் நாலைந்து ஆண்கள் ஒரே சமயத்தில் விசிலடிப்பதும் கத்துவதும்தான் கேட்டது. வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டியிருக்கிறார்.

புதிய நான்காம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நான் நடத்திய நாள், பாடம் நடத்தவே முடியவில்லை. படத்தைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். “டீச்சர், ஏணி அந்தப் பக்கம் இருக்கோணும்.” “டீச்சர், சப்போர்ட் வண்டிய வரையல. அது இல்லாம டீசலுக்கு எங்க போவாங்க?” “இந்த வண்டி பழைய மாடலுங்க டீச்சர். இப்ப இப்புடி வரதில்லை.” ஒவ்வொரு குறையையும் கரும்பலகையில் எழுதினேன். பதினான்கு வந்தது. பதின்மூன்று வருடமாக நான் வகுப்பெடுக்கிறேன். பாடப்புத்தகத்தில் தப்பு கண்டுபிடிக்கும் அளவுக்குப் பாடம் தெரிந்த ஒரு வகுப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் பட்டியலை அப்படியே படம் வரைந்த இளைஞருக்கு அனுப்பினேன். ‘பதினான்கையும் அடுத்த பதிப்பில் திருத்துகிறேன்’ என்று எழுதியிருந்தார்.

சில வாரம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. கன்னியாகுமரிப் பக்கம் கடலோரத்தில் ஒரு பள்ளியின் ஆசிரியை. சென்னைப் பாடநூல் குழுவில் இருந்த யாரிடமோ என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

“டீச்சர், இந்தக் குச்சிக்கிழங்குன்னு போட்டிருக்கியளே, அது என்ன கிழங்கு?”

விளக்கினேன். குச்சியை வெட்டி நட்டால் வளரும், அதிலிருந்துதான் ஜவ்வரிசி எடுக்கிறோம் என்றேன்.

“அட, நம்ம மரச்சீனியா!” என்று சிரித்தார். “பிள்ளைய எல்லாம் அது ஏதோ புதுக் கிழங்குன்னு நெனச்சிட்டு இருக்கு. இன்னொண்ணு சொல்லணும். ஒரு வாரமா எல்லாம் ‘சரிங்க டீச்சர், வந்துட்டேனுங்க டீச்சர்’னு வெளையாடிட்டுத் திரியுது. கேக்க நல்லா இருக்கு.”

பிறகு கொஞ்சம் தயங்கி, தன் வகுப்புப் பிள்ளைகளும் தங்கள் ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அனுப்பட்டுமா என்று கேட்டார். பத்து நாளில் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. வலை, கட்டுமரம் என்று நாங்கள் எதிர்பார்த்தது கொஞ்சம்தான் இருந்தது. ஒரு பிள்ளையின் அப்பா வளைகுடா நாட்டில் படகு ஓட்டுகிறார். ஒருத்தியின் அம்மா ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒருவன் தன் ஊரில் காற்றாலை வேலைக்குப் போகும் அக்காவைப் பற்றி எழுதியிருந்தான். நான் சத்தமாகப் படித்தேன். வகுப்பு மூச்சு விடாமல் கேட்டது.

பதில் எழுத உட்கார்ந்தோம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு. வெள்ளைத்தாளை எடுத்து, ‘அன்புள்ள நண்பர்களுக்கு, நலம், நலமறிய ஆவல்’ என்று வழக்கமாகத் தொடங்கினேன்.

முன்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்தாள். “அப்புடி வேண்டாம் டீச்சர். நாம பேசற மாதிரி எழுதுங்க.”

“சொல்லு, எப்படி எழுதறது?”

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

“எல்லாரும் நல்லா இருக்கறீங்களா சாமி? நாங்க நல்லா இருக்கறமுங்க. மொதல்ல எங்க ஊருக்கு எப்புடி வரதுன்னு சொல்றோம்…”

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் அவள் சொன்னபடியே எழுதத் தொடங்கினேன். ஏழு பக்கம் வந்தது.